வெட்டாத நாள்

விவாகரத்து கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். எதிராளி கையெழுத்துப் போடுவாரா, மாட்டாரா? போடுவார் என்றால் இருவரும் சேர்ந்து கூட்டு மனு கொடுக்கலாம். ஆறு மாதம் பொறுத்திருந்து, நீதிபதி முன்னால் நின்று ஆமாம் என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு ஆட்டோவில் ஏறிப் போய்விடலாம். மாட்டார் என்றால்தான் வழக்கு. வழக்கு என்று வந்துவிட்டால் காரணம் சொல்ல வேண்டும், சொன்ன காரணத்தை நிரூபிக்க வேண்டும். 'இவரோடு என்னால் வாழ முடியவில்லை' என்பதைச் சட்டம் காரணமாக எடுத்துக்கொள்வதில்லை. முடியாமல் போகும்படி அவர் என்ன செய்தார் என்று கேட்கும். முப்பத்தோரு வருடமாக ஈரோட்டில் இதுதான் என் பிழைப்பு. என் பெயர் ருக்குமணி. கோர்ட் வளாகத்தில் 'டைவர்ஸ் ருக்குமணி' என்றால்தான் தெரியும். அந்தப் பெயரில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை, நிவேதிகாவின் வழக்கு முடிகிற வரைக்கும்.

அவள் வந்தபோது முப்பத்து நான்கு வயது. மஞ்சள் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விரல் நகமெல்லாம் மஞ்சளேறிக் கிடந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் என் மேஜையிலிருந்த பிள்ளையாரைப் பார்த்துச் சிரித்து, கண்ணாடி போட்ட பிள்ளையாரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். அது என் கண்ணாடி. தேடிக்கொண்டிருந்தேன். விவாகரத்துக்கு வந்த பெண் இவ்வளவு கலகலப்பாக இருக்கிறாளே, வேறு யாருக்காகவோ வந்திருக்கிறாள் போல என்று நினைத்தேன்.

கணவன் கையெழுத்துப் போட மாட்டான் என்று சொன்னாள். பெயர் கிருத்திக். பல் டாக்டர். பெருந்துறை ரோட்டில் கிளினிக். குடியில்லை, அடியில்லை, வேறு பெண் இல்லை. பிறகு என்னதான் செய்கிறான் என்று கேட்டேன்.

"பேசறதில்லீங்க மேடம்."

"சண்டை போட்டுட்டுப் பேசாம இருக்காரா?"

"ஆறு வருசமா பேசறதில்லீங்க."

வீட்டுக்கு யாராவது வந்தால் பேசுவானாம். நிவி, காபி கொண்டுவா, நிவி, உட்காரு, நீ சாப்பிட்டியா என்று அவ்வளவு அருமையாகப் பேசுவானாம். வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியதும் அவன் வாய் மூடிவிடும். அடுத்த விருந்தாளி வருகிற வரைக்கும் அவள் அந்த வீட்டில் இல்லாத மாதிரிதான். தொடங்கியது எப்போது என்பதும் அவளுக்குத் தெரியும். கல்யாணமான முதல் வருடம், அவன் தங்கை வளைகாப்பில், மடக்கு நாற்காலி உடைந்து அவன் கீழே விழுந்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்று சாயங்காலத்திலிருந்து பேச்சு நின்றது. இரண்டு நாள் கோபம் என்று நினைத்தாளாம்.

அழுது கேட்டிருக்கலாமே, ஆறு வருடம் எப்படி விட்டாய் என்று கேட்டேன்.

"மொத மாசமே முடிவு பண்ணிட்டனுங்க. அவரு முன்னால அழுகறதில்ல, கெஞ்சறதில்ல. பாட்டுப் பாடிக்கிட்டே சமைப்பேன். டீவி பாத்துச் சிரிப்பேன். எனக்கு வலிக்குதுன்னு அவருக்குத் தெரியவே கூடாதுங்க. என்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்."

அந்தக் கடைசி வார்த்தையை நான் வழக்குக் கட்டின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்க வேண்டும். அதற்குப் பதில் கல்யாணத் தேதியைக் குறித்துக்கொண்டேன்.

பிரிந்து போய்த் தனியாக இருந்தால் போதாதா என்றும் கேட்டுப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே மூன்று வருடமாகப் பெண்கள் விடுதியில்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் பூவும் பழமுமாக வந்துவிடுவான். வார்டன் முன்னால், அறைத்தோழிகள் முன்னால், நிவி உடம்பு இளைச்சுட்டியே என்று கண்கலங்கப் பேசுவான். வாசல் வரை வழியனுப்ப அவள் தனியாகப் போனால் ஒரு வார்த்தை வராது. விடுதி மாறினாலும் தேடி வந்தான். மனைவி என்கிற பெயர் இருக்கிற வரைக்கும் அவனை வராதே என்று சொல்ல ஊரில் ஒருவருக்கும் மனம் வராது. அந்தப் பெயரைக் கழற்றித் தர வேண்டும் என்றுதான் என்னிடம் வந்திருந்தாள். மற்றபடி ஜீவனாம்சம் வேண்டாம், நகை வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

சமரச ஆலோசனைக்கு மூன்று அமர்வு போனோம். அது சட்டப்படி நடந்தே தீர வேண்டிய சடங்கு. கிருத்திக் முழுக்கை சட்டையைச் சீராக மடித்துவிட்டுக்கொண்டு வந்தான். மென்மையான குரல். எனக்கு இவங்க மேல ஒரு குறையும் இல்லீங்க, சேர்ந்து வாழத்தான் ஆசைப்படறேன் என்று ஆலோசகரிடம் சொன்னான். ஆலோசகர் அம்மாள் நிவேதிகாவைப் பார்த்த பார்வையில், உனக்கென்னம்மா குறை என்பது தெரிந்தது. நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, கடவாய்ப் பல்லுங்களா மேடம், ரெண்டு கிராம்பு வச்சுக் கடிச்சுக்குங்க என்றான். வைத்துப் பார்த்தேன், வலி அடங்கியது. எதிராளியாக இல்லாவிட்டால் இவனிடமே பல்லைக் காட்டியிருப்பேன்.

இனி வழக்குதான் வழி என்று ஆனது. காரணம் கொடுமை. மனக்கொடுமை. ஆனால் நிரூபிப்பது எப்படி? பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டேன், எப்பப் பார்த்தாலும் பாடிக்கிட்டே இருக்குமுங்க அந்தப் புள்ள என்றாள். பெற்ற தாயைக் கேட்டேன், எங்க ஊட்ல இருந்தப்பகூட இத்தனை சந்தோசமா இருந்ததில்லீங்க என்றாள். ஆறு வருடம் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் வாழ்ந்து தன் வழக்கைத் தானே குழிதோண்டிப் புதைத்து வைத்திருந்தாள். அந்தக் காலமாக இருந்தால் அத்தோடு கட்டைக் கட்டி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் உள்நாள் சட்டம் வந்து பதினோரு வருடமாகியிருந்தது.

"உள்நாளுன்னா என்னங்க மேடம்? கேள்விப்பட்டிருக்கேன், சரியாத் தெரியாது."

"தொப்பியப் போட்டு ஒரு நாற்காலில உக்கார வப்பாங்க கண்ணு. நீ ஒரு தேதி சொல்லோணும். அந்தத் தேதில நீ முழிச்சதுல இருந்து தூங்கற வரைக்கும் உனக்குள்ள என்னென்ன ஓடுச்சோ, பாத்தது, கேட்டது, வலிச்சது, நெனச்சது, அத்தனையும் பதிவாயிரும். அப்புறம் நீதிபதி அதே மாதிரி ஒரு தொப்பியப் போட்டுக்குவாரு. நாள் பூரா முக்கா மணி நேரத்துல ஓடிரும், அது வரைக்கும் அவரு நீயா இருப்பாரு. சாட்சியே வேண்டாம்."

"நடுவால கொஞ்சம் எடுத்துட்டுக் கொடுக்கலாங்களா?"

"அது மட்டும் முடியாது. ஒரு நிமிசம் வெட்டுனாலும் செல்லாது. வெட்டாத நாளாத்தான் கொடுக்கோணும்."

மஞ்சள் நகத்தால் மேஜை விளிம்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். நீதிபதி மட்டும்தான் பார்ப்பாரா என்று கேட்டாள். எதிர்த்தரப்புக்கு ஒரு நகல் போகும், அது வழக்கம்தான் என்றேன். ஒருவருக்கு எதிராக எதைக் கோர்ட்டில் வைத்தாலும் அதை அவருக்கும் கொடுத்துவிட வேண்டும். காகிதக் காலத்திலிருந்து உள்ள நியாயம் அது. மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போல நான் அதைச் சொன்னேன்.

"அப்ப அவரும் அந்தத் தொப்பியப் போட்டுக்குவாருங்களா?"

"போடலாம். முக்காவாசி ஆம்பளைங்க போடறதே இல்ல. போட்டவங்களும் அஞ்சு நிமிசத்துல கழட்டி வீசிட்டு ஓடிருவாங்க. அடிச்சவனுக்கு அடி வாங்கத் தெம்பு இருக்காது கண்ணு."

அது பொய்யில்லை. என் அனுபவத்தில் அப்படித்தான் இருந்தது. மனைவியின் நாளுக்குள் போய்த் தன் கையால் தானே அறை வாங்கிய ஒருவன் கோர்ட்டின் உள்நாள் கூடத்து வராந்தாவில் வாந்தியெடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உள்நாள் என்பது கொடுமைக்காரனைத் திருத்துகிற மருந்து என்று மேடையில் பேசியிருக்கிறேன். கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

எந்த நாளைக் கொடுப்பது என்பதில்தான் எங்களுக்குள் இழுபறி. அவள் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொன்னாள். அன்று என்ன நடந்தது என்றால், ஒன்றும் நடக்கவில்லை. அவன் சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், போனான். எல்லா நாளும் அப்படித்தானே, அதுதானே கொடுமை என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் நான் வக்கீல். நீதிபதி ஒரு நாளைக்கு மூன்று பேருடைய நாட்களுக்குள் போய்விட்டு வருகிறவர், அவருக்குச் செவ்வாய்க்கிழமை உறைக்காது என்று சொன்னேன். இருப்பதிலேயே மோசமான நாளைச் சொல் என்றேன்.

கடைசியில், அப்பா செத்த நாள் என்றாள். ஆனால் அதைக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு வேண்டாமுங்க என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. நான் விடவில்லை. ஒரு வாரம் போனில் பேசிப் பேசிக் கரைத்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பூவையும் பழத்தையும் நினைவூட்டினேன். செவ்வாய்க்கிழமையைக் கொடுத்துத் தோற்றால் ஆயுசுக்கும் அவன் மனைவிதான் என்று சொன்னதும் ஒப்புக்கொண்டாள்.

பதிவெடுத்த பிறகு நானும் தொப்பியைப் போட்டுப் பார்த்தேன். காலை ஆறே முக்காலுக்குக் கோபிசெட்டிபாளையத்திலிருந்து அவள் அண்ணன் போன் செய்தான். அவள் ஹாலுக்கு ஓடினாள். கிருத்திக் கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருந்தான். "அப்பா போயிட்டாருங்க" என்றாள். பேச்சு நின்ற பிறகு அவளாக அவனிடம் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை என்று உள்ளேயிருந்த எனக்குத் தெரிந்தது. அவன் சீப்பை வைத்தான். சட்டைக் காலரைச் சரிசெய்தான். சாவியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனான். கதவு சாத்திய சத்தம் கேட்ட பிறகும் அவள் அதே இடத்தில் நின்றாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. அப்படியும் துண்டு. அந்தத் துண்டின் சோப்பு வாசம்கூட எனக்கு அடித்தது. தனியாகப் பஸ் ஏறினாள். சாவு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பதினோரு மணி வாக்கில் என் குமாஸ்தா வந்து தோளைத் தட்டினான், வேறு வழக்கில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினேன். மிச்ச நாளை நான் பார்க்கவில்லை. சாயங்காலம் ஏதாவது விசேஷம் உண்டா என்று அவளிடம் கேட்டேன். ஒண்ணுமில்லீங்க, எடுத்தாச்சு, வந்துட்டோம் என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நீதிபதி தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தபோது கண் சிவந்திருந்தது. அரை மணி நேரம் கோர்ட்டை ஒத்திவைத்தார். ஜெயித்தாயிற்று என்று நான் கேன்டீனில் போய்ப் போண்டா தின்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் தங்கவேலு அங்கேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், குழைந்து பேசுகிறவர் இல்லை.

"சாயங்காலம் அஞ்சு நாப்பதப் பாத்தீங்களா மேடம்?"

"என்ன அதுல?"

"பாத்துருங்க. கொடுமைய மன்னிச்சு அந்தப் புள்ள ஏத்துக்கிச்சுன்னு நான் வாதம் பண்ணுனா உங்ககிட்டப் பதில் இருக்காது."

மன்னித்து ஏற்றுக்கொண்ட கொடுமையைக் காட்டி விவாகரத்து கேட்க முடியாது, அதுவும் சட்டம்தான். போண்டாவை அப்படியே வைத்துவிட்டுப் போய்த் தொப்பியைப் போட்டேன்.

ஐந்து நாற்பதுக்குக் கிருத்திக் சாவு வீட்டுக்கு வருகிறான். கையில் பெரிய ரோஜா மாலை. மாமா என்று குரலெடுத்து அழுகிறான். உறவெல்லாம் சுற்றி நிற்க, அவளிடம் வந்து தோளைப் பிடித்து, "நான் இருக்கேன் நிவி, நீ அழுகாத சாமி" என்கிறான். அது ஊருக்காக என்று அவளுக்குத் தெரியும். நூற்றுக்கு நூறு தெரியும். தெரிந்தும் அவள் உடம்பு அவன் மேல் சாய்கிறது. அவன் குரல் காதுக்குள் போகப் போக உள்ளே குளிர்கிறது. அப்பா கூடத்தில் கிடக்கிறார். அவள் நினைக்கிறாள்: இந்தக் கூட்டம் கலையாமல் இருக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரம் எல்லோரும் இங்கேயே இருக்கட்டும். இவர்கள் போய்விட்டால் இவர் பேச மாட்டார். அதற்கு அடுத்த நொடி, தான் என்ன நினைத்தோம் என்று அவளுக்கே உறைக்கிறது. அந்த வெட்கத்தை நான் எப்படிச் சொல்ல? திரும்பி வருகிற காரில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாகப் பாட ஆரம்பிக்கிறாள்.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன், இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று.

"அதனாலதானுங்க அந்த நாள் வேண்டாம்னேன்."

"காரணத்தச் சொல்லியிருக்கலாமில்ல கண்ணு?"

"அத யார்கிட்டங்க சொல்றது?"

பிறகு அவள் கேட்டது ஒன்றுதான், அவர் தொப்பியைப் போட்டாரா? தெரியாது என்றேன். தெரியும். உள்நாள் கூடத்தில் வேலை செய்கிற பெண் சொல்லியிருந்தாள். மூன்று நாள் தொடர்ந்து வந்து ஒவ்வொரு தடவையும் முழுசாகப் பார்த்தானாம். கடைசி நாள் வெளியே வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, ரொம்ப நல்லாப் பராமரிக்கறீங்க இந்த இடத்த என்று பாராட்டிவிட்டுப் போனானாம். திருந்துகிறான் என்று நான் நினைத்தேன். மேடைப் பேச்சை நானே நம்பிப் பழகியிருந்தேன்.

குறுக்கு விசாரணை நாள் வந்தது. நிவேதிகா கூண்டில் நின்றாள். ஐந்து நாற்பதைப் பற்றி அத்தனை பேர் முன்னால் தங்கவேலு கேட்கப்போகிறார் என்று நான் ஆட்சேபணைக்குத் தயாராக இருந்தேன். அவர் எழுந்தார். தன் கட்சிக்காரர் வழக்கை மேற்கொண்டு எதிர்க்க விரும்பவில்லை, கூட்டு மனுவுக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கே காரணம் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அத்தனை நாள் போட மாட்டேன் என்றிருந்த கையெழுத்து. நீதிபதி கிருத்திக்கைப் பார்த்து, மனைவியின் வேதனை புரிந்ததா என்று கேட்டார்.

"நல்லாப் புரிஞ்சுதுங்க ஐயா," என்றான். குரல் கம்மியிருந்தது. நீதிபதி தலையசைத்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மனசு மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அன்றே கூட்டு மனுவைத் தயாரித்தேன். புதிதாக எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. என் சீனியர் காலத்து மனுவில் பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். அதில் ஒன்பதாவது பத்தி, இருதரப்பாரும் தற்போது தங்கள் கைவசமுள்ள பொருட்களையும் ஆவணங்களையும் தாங்களே வைத்துக்கொள்வதில் ஆட்சேபணை இல்லை என்று இருக்கும். கிரைண்டர் யாருக்கு, பீரோ யாருக்கு என்று தீர்ப்புக்குப் பிறகும் அடித்துக்கொண்டவர்களுக்காகச் சீனியர் சேர்த்த வரி அது. முப்பத்தோரு வருடத்தில் ஆயிரம் மனுவிலாவது அதை அடித்திருப்பேன். அதை நான் படிப்பதுகூட இல்லை. கிருத்திக் படித்தான். ஒவ்வொரு பத்தியாக விரலை வைத்து நிதானமாகப் படித்துவிட்டு, என் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

மூன்று வருடமாகப் பிரிந்திருந்ததால் காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்தார்கள். பத்தே நாளில் தீர்ப்பு கிடைத்தது. மதியச் சாப்பாட்டு நேரம், வராந்தா காலியாக இருந்தது. நிவேதிகா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நாலடி பின்னால். கிருத்திக் தூணோரம் நின்றிருந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். என்னை அவன் ஆளாகக் கணக்கில் எடுக்கவில்லை. யாருமில்லாத இடத்தில் ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவளிடம் பேசினான்.

"வலிச்சா கையத் தூக்குங்கன்னுதான் நிவி நான் கிளினிக்ல எல்லார்கிட்டயும் சொல்லுவேன். நீ ஒரு தடவகூடத் தூக்கல. ஒண்ணுமே ஆகலையோன்னு நெனச்சுட்டு இருந்தேன். அதான் நிறுத்தல."

அவள் நகரவில்லை.

"கூட்டம் போகாம இருக்கட்டும்னு நெனச்சியே, அப்பக்கூட உன்ர முகத்துல ஒண்ணுமே தெரியல. எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் முகம் உடைந்தது. கண், வாய், தாடை எல்லாம் ஒவ்வொன்றாக நிலைகுலைந்தன. அவள் அழுததை நான் வெளியிலிருந்து பார்த்தது அன்றுதான். அவன் தலையைக் கொஞ்சம் சாய்த்து, வெளிச்சத்துக்கு வாகாக நின்று, வாயைத் திறந்த நோயாளியைப் பார்ப்பதைப் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். போதும் என்று தோன்றியதும் என் பக்கம் திரும்பினான்.

"ஒம்பதாவது பாரா நீங்க போட்டதுதானுங்களே மேடம்? ரொம்ப நன்றிங்க. பல்லு இப்பப் பரவால்லீங்களா?"

பரவாயில்லை என்று சொன்னேன். ஆமாம், நான் அதைத்தான் சொன்னேன். அவன் கார் கிளம்பிப் போன பிறகுதான் ஒன்பதாவது பத்தி எனக்கு விளங்கிற்று. வழக்கு கூட்டு மனுவாக மாறினால் உள்நாள் நகலைக் கோர்ட் திரும்ப வாங்கி அழித்துவிடும். இருதரப்பும் வேறு விதமாக எழுதிக் கொடுத்தால் ஒழிய. நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கைவசமுள்ள ஆவணங்கள். அவள் அப்பா செத்த நாள் அவன் கைவசம் இருந்தது. அதை என் பேனாவால் அவனுக்கே சொந்தமாக்கி விட்டேன். அவன் சம்மதித்ததும் அதற்காகத்தான். பொண்டாட்டியைவிட அவனுக்கு அது பிரயோஜனமாகத் தெரிந்திருக்கிறது.

நகலைத் திரும்பப் பெற மூன்று மனு போட்டுப் பார்த்தேன். நீதிபதி மூன்றாவது தடவை என்னைத் தன் அறைக்கு அழைத்து, இரு கட்சியும் மனமொப்பிக் கையெழுத்திட்ட வாசகத்தை நான் எப்படியம்மா திருத்துவேன் என்று வருத்தமாகக் கேட்டார். அவர் மேல் தப்பில்லை. நிவேதிகாவிடம், நகல் அவனிடம் இருக்கிறது, ஆனால் அதை ஓட்டுவதற்குச் சொந்தமாக நாற்காலியும் தொப்பியும் வாங்க வேண்டும், அதையெல்லாம் யார் வாங்கப்போகிறார்கள் என்று சமாதானம் சொன்னேன்.

அவன் வாங்கினான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒருவருடைய நாளை எவர் திறந்தாலும் அந்த நாளின் சொந்தக்காரருக்குத் தகவல் போக வேண்டும் என்று சட்டத்தில் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். பதிவெடுக்கும்போது தொடர்பு எண் என்ற இடத்தில் வழக்கம்போல என் ஆபீஸ் எண்ணைக் கொடுத்திருந்தேன். முதல் தகவல் தீர்ப்பு வந்த மூன்றாவது வாரம் வந்தது. நிவேதிகாவின் நாள் திறக்கப்பட்டது, எண்ணிக்கை ஒன்று. அதன் பிறகு கிளினிக் விடுமுறை நாட்களைத் தவிர்த்து அநேகமாக எல்லா நாளும் வந்தது. காலை எட்டே காலுக்குத் திறப்பான், ஒன்பது மணிக்கு மூடுவான். ஒன்பதரைக்கு முதல் நோயாளி. அதை அவளுக்கு அனுப்பி வைப்பது வக்கீல் என்ற முறையில் என் கடமை. நான் ஒன்றைக்கூட அனுப்பவில்லை. இரக்கத்தினால்தான் அனுப்பவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயத்தினால்தான்.

ஒன்றரை வருடம் கழித்து அவள் ஒரு நாள் காலையில் ஆபீசுக்கு வந்தாள். கொச்சியில் ஒரு மசாலாக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, வெளிநாடெல்லாம் போக வேண்டியிருக்கும், பாஸ்போர்ட்டில் கணவன் பெயரை எடுக்கத் தீர்ப்பின் சான்று நகல் வேண்டும் என்றாள். நகத்தில் மஞ்சள் அப்படியே இருந்தது. சதை கொஞ்சம் போட்டிருந்தாள், பார்க்க நன்றாக இருந்தாள். பிள்ளையார் இன்னும் கண்ணாடியைக் கழற்றவில்லையா என்று கேலி செய்தாள். எனக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. சான்று நகலைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அதைப் பைக்குள் வைத்துக்கொண்டே, ஞாபகம் வந்தவளைப் போலக் கேட்டாள்.

"அவரு அத எப்பவாச்சும் பாக்கறாருங்களா மேடம்? உங்களுக்கு ஏதாச்சும் தகவல் வருதுங்களா?"

கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிட்டேன்.

"இல்ல கண்ணு. ஒரு தடவகூடத் தொறக்கல. எங்கயோ வீசிட்டிருப்பான்."

"அப்படிங்களா. ரொம்ப சந்தோசமுங்க."

எழுந்து செருப்பை மாட்டினாள். கதவருகே போனவள் திரும்பினாள். அதே சிரித்த முகம்.

"போன வருசமே கோர்ட் ரெஜிஸ்ட்ரிக்குப் போயி என்ர நம்பரையும் சேத்துட்டனுங்க மேடம். எனக்கும் வந்துட்டுத்தான் இருக்குது. இன்னைக்குக் காலைல நானூத்திப் பதினொண்ணு."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினேன், வருத்தத்தைத் தேடினேன், என்னைத் திட்ட வேண்டும் என்கிற எண்ணமாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. நேரமாச்சுங்க, பஸ்ஸுக்குப் போகோணும், உடம்பப் பாத்துக்குங்க மேடம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

இறங்கும்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனாள். அவள் எப்போது பாடுவாள் என்று எனக்குத் தெரியும்.